இரணியல் நாட்டில் இளஞ்சிறார்க்கு வழிபாடு பயிற்றிய வரலாறு

மக்கட்குப் பயிற்றப்படும் பயிற்சிகளுள் மிக எளிதென்று எண்ணப்படுவதும், உண்மையில் மிக அரிதாயிருப்பதும் வழிபாடேயாம். எழுத்தறிவித்தற்கு ஆசான் உளன். தறியில் இழையோட்டக் கற்பித்தற்குத் தந்தை உளன். அடிசிலாக்கப் பழக்குதற்குத் தாய் உளள். இறைவனை நாடோறும் நினைக்கக் கற்பிப்பார் யாவர் என்னும் வினாவிற்கோ, காலந்தோறும் விடை வேறுபட்டு வந்துளது. அவ்விடைகள் அனைத்தும் ஒருங்கே காணக் கிடக்கும் இடம் தென்கோடியிலுள்ள இரணியலும் அதனைச் சூழ்ந்த ஊர்களுமாம். மனை, எழுத்துப்பள்ளி, சிவாலயம், கடற்கரைத் தேவாலயம், மிசியோன் பள்ளி, சைவ வினாவிடை எனும் ஆறும் ஒன்றற்கொன்று அணித்தாய் நின்று சிறார்க்கு வழிபாடு பயிற்றிய நிலம் அது. அவ்வரலாறு ஈண்டுச் சுருக்கி உரைக்கப்படும்.

ஊரும் நாடும்

இன்று இரணியல் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம் தாலுகாவில் உள்ளது. மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என வழங்குதல் பெருவழக்கேயாயினும், நாஞ்சில் நாடு என்னும் பெயர்க்கு உரியன தோவாளையும் அகத்தீசுவரமுமாகிய இரு தாலுகாக்களே. இரணியல் அவற்றிற்கு மேற்கே பழைய வேணாட்டிற் பட்டது. வேணாட்டரசர்க்கு இருக்கையாயிருந்த அரண்மனை ஒன்று அவ்வூரில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இரணியல் தனித் தாலுகாவாகத் திகழ்ந்து, பின்னர்க் கல்குளத்தோடு சேர்க்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் சென்னை இராச்சியத்தோடு இணைந்தபோது இரணியலும் உடன் வந்தது.

இவ்வெல்லை வேறுபாட்டை ஈண்டு எடுத்துக் கூறியது காரணமின்றியன்று. மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலம் திருவஞ்சைக்களம் ஒன்றே. இரணியலைச் சூழ்ந்த சிவாலயங்கள் தொன்மையும் பெருமையும் உடையனவாயினும், மூவர் திருப்பதிகம் பெற்றன அல்ல. சோழநாட்டுத் திருக்கோயில்களில் ஓதுவார் திருமுறை ஓதக் கேட்டே சிறுவர் நாவில் தமிழ் வழிபாடு படிந்தது. இந்நாட்டிலோ கோயிற் கிரியைகள் பெரும்பாலும் மலையாளத் தாந்திரிக முறையின. பள்ளிப் பாடமும் திருவிதாங்கூர் ஆட்சியில் பெரிதும் மலையாளமே. எனவே, தமிழில் இறைவனை வாழ்த்துதலை ஈண்டு ஒரு குழந்தை கற்க வேண்டுமாயின், அதற்கு முதலிடம் மனையேயாயிற்று.

அந்தி விளக்கு

இந்நாட்டு மனைகளில் வழிபாட்டுப் பயிற்சி அந்தி விளக்கிலிருந்து தொடங்குவதாகும். ஞாயிறு மறையும் அளவில் மனைவி நிலவிளக்கைத் துலக்கித் திரியிட்டு ஏற்றுவாள். அப்பொழுது விளையாட்டிலிருக்கும் சிறார் முற்றத்துக் கிணற்றடியில் கைகால் கழுவி, நெற்றியில் நீறிட்டு, விளக்கின்முன் அமர்ந்து இறைவன் திருநாமங்களைச் சொல்லுவர். இதனை 'நாமஞ் சொல்லுதல்' என்பர். பாட்டி முன்சொல்லப் பேரர் பின்சொல்லுதல் மரபு. பொருள் விளக்கம் யாதும் இல்லை, தேர்வும் இல்லை. விளக்கு எரியும் அளவும் வீண்மொழி கூடாதென்ற ஒன்றே விதி.

இம்முறையின் நன்மையை ஆய்ந்து பார்த்தல் தகும். மூன்று வயதுக் குழந்தைக்குப் பதி இலக்கணம் விளங்காது. ஆனால் தன்னைப் பெற்றாளும் அவளைப் பெற்றாளும் ஒன்றன்முன் கைகூப்பி நிற்றலை அது காண்கின்றது. தன்னை ஆளும் அவர்களையும் ஆள்வது ஒன்று உண்டு என்ற உணர்ச்சி சொல்லின்றியே அதனுள்ளத்திற் பதிகின்றது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்று சித்தாந்தம் கூறும். பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுதல்போல உயிர் தான் அடுத்ததன் இயல்பைக் கொள்ளும். முதியோர் வழிபடுவோராயிருப்பின் அவரைச் சார்ந்த சிறாரும் வழிபடுவோராதல் இதனாலேயே. குழந்தைக்குக் கட்டளையிட்டுத் தாம் திண்ணையிலமர்ந்து ஊர்க்கதை பேசுவார் மனையில் குழந்தை கற்பது ஊர்க்கதையே என்பதும் இதனாற் பெறப்படும்.

மனைப் பயிற்சியில் ஒரு குற்றமும் உண்டு. அதனை மறைத்தல் வரலாற்று முறையாகாது. பொய் சொன்னாற் சாமி கண்ணைக் குத்தும் என்று குழந்தையை அச்சுறுத்தும் வழக்கம் தமிழ்நாடெங்கும் உள்ளது. மாடனும் இசக்கியும் உறையும் இந்நாட்டில் அவ்வச்சம் சற்று மிகுதி. தீமையினின்று விலக்குதற்கு இஃது உடனே உதவுமாயினும், அம்மையப்பனாக அறியப்பட வேண்டிய முதல்வன் குழந்தையின் உள்ளத்தில் ஒறுப்பவனாகவே நின்றுவிடுகின்றான். சித்தாந்தம் இறைவன் ஒறுத்தலையும் மறக்கருணை என்று கருணையின்பாற் படுத்தே கூறும். கருணை என்னும் சொல்லை நீக்கி மறத்தை மட்டும் குழந்தைக்கு ஊட்டுதல் சைவமாகாது.

எழுத்துப்பள்ளியும் நாமகளும்

மனைக்கு அடுத்தது எழுத்துப்பள்ளி. திண்ணைப் பள்ளிகளில் எழுத்திற்கு முன் வணக்கமே கற்பிக்கப்பட்டது. தமிழ்ப் பகுதிகளில் 'அரி நமோத்து சிந்தம்' என்றும், மலையாளம் வழங்கும் பகுதிகளில் 'ஹரிஸ்ரீ கணபதயே நம' என்றும் சொல்லி, குழந்தையின் விரலைப் பிடித்து ஆசான் அரிசியிலோ மணலிலோ எழுதுவிப்பார். குழந்தை எழுதும் முதற்சொல் தன் பெயரன்று, இறைவன் பெயர். 'நமோத்து சிந்தம்' என்பது சித்தர்க்கு வணக்கம் என்னும் பொருட்டாய்ச் சமணர் காலத்திலிருந்து வந்த தொடரின் சிதைவென்பர். சமயம் மாறியும் பள்ளியில் வணக்கம் மாறாது நின்றமைக்கு இஃதொரு சான்றாகும்.

இரணியலுக்கு அண்மையிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் நாமகள் திருக்கோயில் ஒன்று உண்டு. அத்திருவுருவம் கம்பர் வழிபட்டதென்பது செவிவழிச் செய்தி. திருவிதாங்கூரின் தலைநகர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்திற்கு மாறியது. அதன் பின்னர், ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இந்நாமகளும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளி மீளும் வழக்கம் ஏற்பட்டு இன்றளவும் நடைபெறுகின்றது. வழியிலுள்ள ஊர்களில் மக்கள் வாயிலில் விளக்கேற்றி வைத்துக் குழந்தைகளைத் தோளிலேற்றிக் காட்டுவர். கல்வியின் தெய்வம் தன் ஊர்வழியே நடந்து போவதைக் கண்ட குழந்தை, விசயதசமியன்று ஏடு தொடங்குங்கால் யாரை வணங்குகின்றோம் என்று கேட்க வேண்டுவதில்லை.

காலாற் கற்ற வழிபாடு

மூன்றாவது பள்ளி சிவாலய ஓட்டம். மாசித் திங்கள் மகாசிவராத்திரியை ஒட்டி, திருமலை தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் எனும் பன்னிரு சிவாலயங்களையும் அடியார் ஓடியும் நடந்தும் வழிபடுவர். இவ்வழி நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. காவியுடுத்து, கையில் பனையோலை விசிறியும் இடையில் சிறு பையுமாகச் செல்லும் அவர்கள் 'கோவிந்தா, கோபாலா' என்று முழங்கிச் செல்லுதல் புறநாட்டார்க்கு வியப்பாயிருக்கும்.

சிவனைத் தரிசிக்கச் செல்வார் திருமால் நாமம் சொல்வதேன் எனில், அதற்கொரு கதை வழங்குகின்றது. சிவனையன்றிப் பிறரை நினையாத புருடாமிருகத்தின் பாலைக் கொண்டுவர வீமன் ஏவப்பட்டான். கண்ணன் அவனுக்குப் பன்னிரண்டு உருத்திராக்கங்கள் தந்தனன். வீமன் திருமால் நாமத்தைச் சொல்ல அம்மிருகம் சினந்து துரத்திற்று. நெருங்கியபோதெல்லாம் அவன் ஓர் உருத்திராக்கத்தைக் கீழே இட, அது சிவலிங்கமாயிற்று. மிருகம் நின்று பூசை புரிந்தது. அவன் அதற்குள் ஓடினான். இறுதியில் திருநட்டாலத்தில் இருவரும் ஒருவரென்று உணர்த்த இறைவன் சங்கரநாராயணனாகக் காட்சி தந்தனன் என்ப.

இக்கதையைச் சொற்பொழிவாகக் கூறின் சிறுவர் உறங்கிவிடுவர். ஓட்டத்தின் இடையே, திருநந்திக்கரைக்கும் பொன்மனைக்கும் நடுவில், கால் நோவெடுத்த சிறுவனுக்குத் தந்தை கூறும்போது அது வேறு கதையாகின்றது. வீமன் ஓடிய வழியில் தான் ஓடுவதாகவே அவன் எண்ணுகின்றான். வழியில் ஊரார் தரும் மோரும் கஞ்சியும், அயலான் ஒருவன் நீட்டும் கையும், பன்னிரண்டாவது கோயிலின் இரவு விளக்கும் அவனுக்குச் சரியையின் இலக்கணத்தை உடம்பில் எழுதிவிடுகின்றன. சரியையாவது உடம்பால் செய்யும் தொண்டு எனச் சாத்திரம் கூறுவதைப் பிற்காலத்தில் அவன் படிக்குங்கால், அஃது அவனுக்குப் புதிய செய்தியாயிராது.

கடற்கரையும் நெய்யூரும்

இனி, இதே நாட்டின் கடற்கரையில் பிறிதொரு சமயம் சிறார்க்கு வழிபாடு பயிற்றிய வரலாறு அறியத்தக்கது. 1542ஆம் ஆண்டில் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறைக்குப் பின் 1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் சமயப்பணி புரிந்தார். தமிழ் நன்கறியாத அவர், தம் சமயத்தின் முதன்மையான செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணி, கையில் ஒரு மணியை அடித்துக்கொண்டு தெருத்தோறுஞ் சென்று சிறார்களைத் திரட்டிச் சொல்லிக் கொடுத்தார். சிறார் வீட்டிற்குச் சென்று பெற்றோர்க்கும் அயலார்க்கும் சொல்லித்தர வேண்டுமென்பது அவர் ஏற்பாடு. பாட்டி முன்சொல்லப் பேரன் பின்சொல்லிய நாட்டில், பேரன் முன்சொல்லப் பாட்டி பின்சொல்லும் முறை கடற்கரையில் அவ்வாறு தோன்றிற்று.

அவர்க்குப்பின் அன்றிக் அடிகளார் எனத் தமிழர் வழங்கும் ஹென்றிக்கஸ், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். இந்தியாவில் தமிழில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' போர்ச்சுக்கீசிய மொழியில் மார்க்கோஸ் சோர்சே என்பார் சிறார்க்கெனச் செய்த வினாவிடை நூலைத் தழுவியது. தமிழ் அச்சின் முதற்பணியே வழிபாடு கற்பித்தலாயிருந்தமையும், இரண்டாம் நூலின் மூலம் சிறார்க்கென எழுந்ததாயிருந்தமையும் சைவ நன்மக்கள் சிந்திக்கத்தக்கன.

அக்காலத்தில் சைவ மடங்களில் நூல்கள் மலிந்திருந்தன. மெய்கண்ட சாத்திரங்களும் அவற்றின் உரைகளும் ஏடுகளில் நிறைந்திருந்தன. ஆனால் ஐந்து வயதுக் குழந்தையைக் கருதி இயற்றப்பட்ட சைவ நூல் அச்சில் வர இன்னும் முந்நூறாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் கழிய வேண்டியிருந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மிசியோன் சங்கத்தார் தென் திருவிதாங்கூரில் பணி தொடங்கினர். 1806இல் ரிங்கல்தௌபேயும், 1818இல் மீடும் வந்தனர். மீட் 1828இல் நாகர்கோயிலினின்று நெய்யூருக்குத் தம் இருக்கையை மாற்றினார். நெய்யூர் இரணியலை அடுத்திருப்பது. 1817இல் கௌரி பார்வதிபாய் மகாராணியார் குடிகளின் கல்விச் செலவை அரசு ஏற்கவேண்டுமென்று ஆணையிட்டிருந்தும், பல குலத்துச் சிறார்க்கு அக்கல்வியின் கதவு அந்நூற்றாண்டிற் பெரும்பகுதியும் திறக்கவில்லை. அவர்க்கு மிசியோன் பள்ளி திறந்தது. அங்கே எழுத்தோடு செபமும், செபத்தோடு வினாவிடையும் கற்பிக்கப்பட்டன.

ஈண்டு ஒரு கசப்பான உண்மையைக் கூறாது விடுதல் தகாது. 'காலையும் மாலையும் ஆலயஞ் சென்று வழிபடுக' என்பது சைவர் தம் மக்களுக்குக் கூறிய முதல் நெறி. இரணியலைச் சூழ்ந்த பல்லாயிரம் மனைகளில் பிறந்த குழந்தைக்கு அந்நெறியைக் கூறினும் பயனில்லை; ஏனெனில், ஆலய வாயிலுக்கு அணுகவும் அக்குழந்தைக்கு உரிமையில்லை. 'சாமி எங்கே இருக்கிறார்?' என்று அது கேட்டபோது, தந்தை தூரத்திலிருந்தே கோபுரத்தைச் சுட்டிக்காட்ட நேர்ந்தது. அங்கே போகலாகாதா என்ற அடுத்த வினாவிற்கு அவன் கூறத்தக்க விடையொன்றும் சைவ சாத்திரத்தில் இல்லை. ஏனெனில், எல்லாவுயிரும் பசுவென்றும், எல்லாவற்றிற்கும் பதி ஒருவனென்றும் கூறும் சாத்திரத்தில், ஓருயிர் பதியை அணுகலாகாது என்றதற்கு இலக்கணம் எங்ஙனம் வரும்? திருநாளைப்போவாரைத் திருத்தொண்டருள் வைத்து வணங்கும் சமயம், அவர் குலத்துச் சிறுவனை வாயிலில் நிறுத்தியது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராமவர்மர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பின்னரே அரசின் ஆட்சியிலிருந்த ஆலயங்களின் கதவு இந்துக்கள் அனைவர்க்கும் திறந்தது. அதற்கு முற்பட்ட தலைமுறைகளில் வாயிலில் நின்றே திரும்பிய சிறாரின் கணக்கை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை.

நாவலரின் வினாவிடை

சைவச் சிறார்க்கென நூல் செய்து பள்ளியும் நிறுவிய பெருமை யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரைச் சாரும். 1822இல் தோன்றிய அவர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் வெசுலியன் பள்ளியில் பயின்றும் பயிற்றியும், விவிலிய மொழிபெயர்ப்பில் அவர்க்கு உதவியும் வந்தவர். ஆதலின், மிசியோனார் சிறாரை எவ்வாறு தம் நெறிக்கண் செலுத்துகின்றனர் என்பதை உள்ளிருந்தே கண்டறிந்தார். 1847ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். 1848இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1864இல் சிதம்பரத்திலும் அப்பெயரால் ஒரு வித்தியாசாலை அவரால் எழுந்தது.

சிறார்க்கென அவர் ஆக்கியவற்றுள் பாலபாடங்களும் சைவ வினாவிடையும் தலையாயின. சைவ வினாவிடையின் முதற் புத்தகத்தையும் இரண்டாம் புத்தகத்தையும் ஒப்புநோக்கின் அவருடைய ஆசிரியத் திறம் புலப்படும். முதற் புத்தகம் கடவுள், புண்ணிய பாவம், விபூதி, சிவமூலமந்திரம், நித்திய கருமம், சிவாலய தரிசனம் முதலியவற்றைக் கூறும். பசு, பாசம் என்பவற்றின் இலக்கணமும், வேதாகமமும், சைவ பேதமும், உருத்திராக்கமும், குரு சங்கம சேவையும் இரண்டாம் புத்தகத்திற்கே நிறுத்தி வைக்கப்பட்டன. சாத்திர நூல்களில் முப்பொருளும் உடனெண்ணப்படும். நாவலரோ குழந்தைக்குப் பதியை முதலிற் காட்டி, அடுத்துச் செய்யத்தகுவனவற்றைப் பழக்கி, உயிரைப் பற்றிய மலத்தின் இலக்கணத்தைப் பருவம் வரும்வரை தள்ளிவைத்தார். வைகறையில் எழுதல், நீறிடல், மந்திரம் செபித்தல், உண்ணல், உறங்கல் என்னும் அன்றாட வினைகளோடு வழிபாட்டை இணைத்தார். வழிபாடு நாளுக்கு ஒரு நாழிகையில் முடிந்துவிடாது, நாள் முழுதும் ஊடுருவ வேண்டுமென்பது அவர் கருத்தாகும்.

நாவலர் வருணாசிரம ஒழுக்கத்தை வற்புறுத்தியவர் என்பதும், மேற்கூறிய கதவடைப்பின் துன்பம் அவர் நூலால் நீங்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அச்சில் ஏறிய சிறு நூல், கோயில் வாயிலைப் போலக் காவல் உடையதன்று. காசு கொடுத்து வாங்கியவனும் இரவல் வாங்கியவனும் அதனைப் படிக்கலாம். இந்நிலையை நாவலர் கருதினாரோ இலரோ, அச்சு தானே அதனைச் செய்தது.

திருவிதாங்கூரில் சைவ நெறி விளக்கம் பெறுதற்கு, மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1885இல் திருவனந்தபுரத்தில் சைவப்பிரகாச சபையைத் தோற்றுவித்தார். அதனால் தமிழ்த் திருமுறை, பாடல் பெற்ற தலங்கள் இல்லாத அந்நாட்டிலும் பேசப்படும் பொருளாயிற்று.

வினவுபவர் யார்?

வினாவிடை முறை மிசியோனாரிடம் இரவல் வாங்கியதென்று சிலர் கூறுவர். அது முழுவதும் பொருந்தாது. மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம் வினாவும் விடையுமாகவே அமைந்தது. உபநிடதங்களிலும் அம்முறை உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு உளது. அதனைக் கவனியாதார் பலர். உண்மை விளக்கத்தில் வினவுபவர் மாணாக்கர், விடையிறுப்பவர் மெய்கண்டதேவர். மிசியோன் நூல்களிலும் அவற்றைப் பின்பற்றிய சைவ வினாவிடைகளிலும் வினவுபவர் ஆசிரியர், விடையிறுப்பவர் மாணாக்கர். முன்னதில் வினா மாணாக்கனது வேட்கையினின்று பிறக்கின்றது. பின்னதில் விடை மாணாக்கனது நினைவினின்று பிறக்கின்றது.

இரண்டனுள் எது குழந்தைக்கு ஏற்றதென்று ஆராயப்புகின், பெரியபுராணத்தில் ஒரு நிகழ்ச்சி முன்வந்து நிற்கும். சீகாழித் திருக்குளத்தில் நீராடி எழுந்த சிவபாதவிருதயர், கடைவாயிற் பால் ஒழுக நின்ற மூன்று வயதுக் குழந்தையை நோக்கி, யார் அளித்த பாலுண்டனை என்று கோல்கொண்டு வினவினார். ஈண்டும் வினவியவர் பெரியவரே, விடையிறுத்தது குழந்தையே. எனினும் ஞானசம்பந்தப் பிள்ளையார் மனப்பாடம் செய்ததைச் சொல்லவில்லை. தாம் கண்டவரைச் சுட்டிக் காட்டி, அவர்தம் அடையாளங்களைப் பாடினார். அவ்விடைக்கு முன்னர் அவர் தந்தையைக் காணாமல் அழுததும், அம்மையப்பனை அழைத்ததும் வழிபாடேயாம். நூல் கற்பித்த சொல் அன்று அது. உள்ளத்துக் குறைபாடு எழுப்பிய குரல்.

நம்பியாண்டார் நம்பியின் வரலாறும் இதனையே காட்டும். திருநாரையூர்ப் பொல்லாப் பிள்ளையார்க்குப் படைக்கும் அமுதை அவர் உண்பார் என்று தந்தை சொல்லக் கேட்டிருந்த சிறுவர், தாம் பூசை செய்யும் நாளில் அவர் உண்ணாதது கண்டு வருந்தித் தலையை மோதப் புக்கனர். முதியோர் வழக்குச் சொல்லாக மொழிந்ததை அவர் உண்மைச் சொல்லாகக் கொண்டனர். பிள்ளையார் உண்டருளினார் என்பது வரலாறு. இதிற் பெரியோர் கற்கவேண்டிய பாடம் உண்டு. குழந்தைக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லையும் குழந்தை மெய்யென ஏற்று ஒருநாள் சோதித்துப் பார்க்கும். சொல்பவர் தாமே நம்பாத சொல் அச்சோதனையில் உடைந்துபோம்.

மெய்கண்டார் வரலாற்றிலோ முறை தலைகீழாய் நின்றது. குலகுருவாகிய முதிய சகலாகம பண்டிதர் ஆணவமலத்தின் இயல்பு யாதென வினவ, இளங்குழந்தையாகிய மெய்கண்டார் ஒன்றும் கூறாது, அவர் நின்ற நிலையையே நோக்கினர். பண்டிதர் அதனால் தெளிந்து, அக்குழந்தையின் அடியில் வீழ்ந்து அருணந்தி சிவாசாரியராயினர். முதியோர் கற்பிப்போர், சிறியோர் கற்போர் என்னும் பிரிவு சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. அறிவிக்க அறியும் இயல்பு இருவர்க்கும் ஒன்றே. அறிவிப்பவன் இருவர்க்கும் உள்நின்ற ஒருவனே.

எனவே, சைவ வினாவிடையைக் கைவிட வேண்டுமென்பது கருத்தன்று. குழந்தை முதலில் வினவட்டும். அதன்பின் நூல் விடை தரட்டும் என்பதே பெறப்படுவது. நீறு ஏன் வெண்மையாயிருக்கின்றது, சாமிக்குப் பசிக்குமா, செத்துப்போன தாத்தா விளக்கைப் பார்ப்பாரா என்றெல்லாம் கேட்கும் வாயை அடக்கிவிட்டுப் பதியிலக்கணம் கூறச் சொல்லுதல், ஊற்றை அடைத்துவிட்டுக் குடத்தில் நீர் தேடுவதாகும்.

தேரூர்த் தம்பிரானும் கவிமணியும்

இந்நாட்டு வரலாறு இவ்வுண்மையை மீண்டும் ஒருமுறை எடுத்துக் காட்டுகின்றது. 1876இல் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளைக்குப் பள்ளியிற் கிடைத்தது மலையாளமே. தமிழை அவர்க்கு ஊட்டியவர், தேரூரை அடுத்த வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரான். மடத்து முறையில் சமயநூலும் இலக்கணமும் பயின்ற அம்மாணாக்கர், பின்னர்ப் பள்ளியாசிரியராய்ப் பல்லாண்டு பணியாற்றினார். கவிமணி எனப் போற்றப்பட்ட அவர் குழந்தைகளுக்கென எளிய பாடல்கள் இயற்றினார். அவற்றுட் பல 1938இல் வெளிவந்த 'மலரும் மாலையும்' நூலில் இடம்பெற்றன. சாத்திரம் கற்றவர் சாத்திரச் சொல்லை விட்டுப் பசுவையும் கிளியையும் நிலவையும் பாடியதேனெனில், அவர் குழந்தையின் வினாவினின்று தொடங்கினமையாலாகும். குழந்தை வியந்து நோக்கும் பொருளை அதனோடு சேர்ந்து நோக்கி, அவ்வியப்பை அதனைப் படைத்தவன்பாற் செலுத்துதலே அவர் கண்ட வழி.

இக்காலத்தில் இரணியலுக்கு அணித்தாகிய வெள்ளிமலையில் உள்ள விவேகானந்தர் ஆசிரமத்தைச் சார்ந்து, இந்து தர்ம வித்யா பீடம் ஊர்தோறும் கோயில்களில் சிறார்க்குச் சமய வகுப்பு நடத்தி வருகின்றது. ஒருகாலத்தில் வாயிலில் நின்று திரும்பியோரின் வழிவந்த சிறாரும் இன்று கோயில் மண்டபத்தில் அமர்ந்து பயில்கின்றனர். 1936இல் திறந்த கதவின் பயன் இதுவாம்.

இனி, இவ்வரலாற்றாற் பெறப்படுவன மூன்று. ஒன்று, மனை விளக்கு அணைந்த இடத்தில் எவ்வகுப்பும் முழுப்பயன் தராது. முதியோர் வழிபடுதலே சிறார்க்கு முதற்பாடம். இரண்டு, நூல் வேண்டும். அதுவும் பருவம் நோக்கி, நாவலர் செய்ததுபோல முன்பின் வகுத்ததாக வேண்டும். மூன்று, எந்தக் குழந்தைக்கும் அடைக்கப்பட்ட கதவு ஏதேனும் எஞ்சியிருக்குமாயின், அக்குழந்தைக்குக் கற்பித்த வழிபாடு முழுவதும் அக்கதவின்முன் பொய்யாகிவிடும்.

இரணியல் மனையொன்றில் அந்தியில் நிலவிளக்கு ஏற்றப்படுங்கால், கைகால் கழுவி ஓடிவரும் குழந்தை பாட்டியின் மடியருகே அமர்ந்து, 'சாமிக்கு நம்மைத் தெரியுமா?' என்று வினவுமாயின், அவள் திரியைச் சற்றுத் தூண்டிவிட்டு, 'தெரியும்' என்று கூறித் தான் கைகூப்புதல் போதும். அவ்வொரு சொல்லை மெய்யாகக் கூறுதற்கு அவள் வாழ்நாள் முழுதும் செய்த வழிபாடு வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.